கர்த்தர் யாரிடம் சொன்னார்?

டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு ஆலயத்தில் உட்கார இடம் கிடைக்காது. வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்களும் அன்று வந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, ஒருவருக்கொருவர் கைகொடுத்து, கேக் துண்டு வாங்கிக்கொண்டு வெளியே வரும் வழியில் ஒரு மேஜை இருக்கும். அதில் ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டில் கவிழ்த்து வைத்த சிறு அட்டைகள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். அட்டையில் அச்சிட்டிருக்கும் வசனம்தான் அந்த ஆண்டு முழுமைக்கும் நமக்கான வாக்குத்தத்தம். என் அம்மா அட்டையை அங்கேயே திருப்பிப் பார்க்கமாட்டாள். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சற்றுநேரம் பேசமாட்டாள்.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதும் திருவுளச்சீட்டு எடுப்பதும் அஞ்ஞானம் என்று எங்களுக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்த டீச்சர்தான் ஆண்டுதோறும் அந்த அட்டைகளைத் தட்டில் அடுக்குவார். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. நானும் இன்றுவரை அட்டை எடுக்கிறவள்தான். ‘திருவுளச்சீட்டு’ என்ற சொல்லிலேயே திருவுளம் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியமும் கடவுளின் விருப்பத்தைத் ‘திருவுளம்’ என்றே சொல்கிறது. சி.எஸ்.ஐ. குடும்பங்களில் பிறந்த நாங்கள் பழைய மொழிபெயர்ப்பின் ‘சித்தம்’ என்ற சொல்லோடு வளர்ந்தோம். தமிழில் சித்தம் என்றால் மனம். சித்தம் கலங்கியவர் என்கிறோம். அந்தச் சொல்லைக் கிறிஸ்தவத் தமிழ் எடுத்து, கடவுளின் நோக்கத்துக்குப் பெயராக்கிவிட்டது. ‘தேவசித்தம்’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் நாள்தோறும் இருந்தது. ‘என் சித்தம்’ என்று அம்மாவோ அத்தையோ சொல்லி நான் கேட்டதேயில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் சித்தம் இருக்கமுடியும் போலும்.

அன்றாட வாழ்வில் கடவுளின் வழிநடத்துதலை எப்படிக் கண்டுகொள்வது? எங்கள் சபைகளில் இதைவிட அதிகமாகப் பேசப்படும் பொருள் இல்லை. இந்த வரனா அந்த வரனா, வேலைக்குப் போவதா வேண்டாமா, வீடு கட்டலாமா, அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதா, எல்லாவற்றுக்கும் ‘ஆண்டவர் என்ன சொல்லுகிறார்?’ என்ற கேள்வி உண்டு. இதற்கென்றே ஒரு சொற்களஞ்சியமும் இருக்கிறது. கர்த்தர் ‘உணர்த்துவார்’, ‘ஏவுவார்’, ‘தடுப்பார்’. ஒரு காரியத்தைக் குறித்து ஒருவருக்குப் ‘பாரம்’ வரும். கதவு ‘திறக்கும்’ அல்லது ‘அடைபடும்’. கடைசியில் ‘சமாதானம்’ வரும். சமாதானம் வந்தால் அது தேவசித்தம். இச்சொற்கள் உருண்டு திரண்டு ஓர் இலக்கிய வகையாக நிற்கும் இடம்தான் ‘சாட்சி’. ஆராதனையிலும் ஜெபக்கூட்டத்திலும் எழுந்து நின்று தன் வாழ்வில் கடவுள் செய்ததைச் சொல்வது. துன்பம், ஜெபம், வசனம், சமாதானம் என்று நான்கு படிகளில் ஏறி முடியும் சிறிய கதை அது. எந்தத் தமிழ்த் துறையும் இதைப் பாடமாக வைத்து நான் பார்த்ததில்லை. நாட்டார் கதைப்பாடலுக்கு இருக்கும் கட்டுக்கோப்பு இதற்கும் உண்டு.

நான் கேட்டவரையில் பெண்களின் சாட்சியில் ‘நான்’ எழுவாயாக வருவது அரிது. ‘எனக்கு உணர்த்தினார்’, ‘எனக்குக் காண்பித்தார்’, ‘என்னைத் தடுத்தார்’ என்று நான்காம் வேற்றுமையிலும் இரண்டாம் வேற்றுமையிலும்தான் அவள் வருகிறாள். எழுவாயாக அவள் நிற்கும் இடங்களில் வினைகளைப் பாருங்கள்: ஒப்புக்கொடுத்தேன், கீழ்ப்படிந்தேன், காத்திருந்தேன், பொறுத்துக்கொண்டேன். ஆண்களின் சாட்சியும் ‘உணர்த்தினார்’ என்றுதான் தொடங்கும். ஆனால் அது ‘வேலையை விட்டேன்’, ‘ஊழியம் தொடங்கினேன்’, ‘இடம் வாங்கினேன்’ என்று முடியும். இருவருக்கும் பேசுகிறவர் ஒரே கடவுள். ஒருவரை எழுந்து போகச் சொல்கிறவர், மற்றவரை உட்காரச் சொல்கிறார். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னால் குறுக்கு விசாரணை உண்டு. ஆலயத்தில் ‘ஆமென்’ மட்டும்தான்.

குறுக்கு விசாரணை செய்திருக்கவேண்டிய ஒரு சாட்சி எனக்குத் தெரியும்.

1991. எனக்குப் பத்து வயது இருக்கும். தாத்தா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. மாமாக்கள் இருவரும் ஒருநாள் மாலை ஐயரை அழைத்துக்கொண்டு வந்தார்கள். (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம். மற்றவர்களுக்கு இது விநோதமாக இருக்கும்.) தாத்தா உயில் எழுதவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவர் உயில் இல்லாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அந்தச் சட்டம் இருந்ததால்தான் அம்மாவின் கையெழுத்து தேவைப்பட்டது. விடுதலைப் பத்திரம் என்று பெயர் அதற்கு. நல்ல பெயர்தான், யாருக்கு விடுதலை என்று கேட்காதவரையில். ஐயர் ஆதியாகமம் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். ஆபிரகாமுக்கும் லோத்துக்கும் மந்தைகள் பெருகி, மேய்ப்பர்களுக்குள் சண்டை வந்தபோது, ஆபிரகாம் இடத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை லோத்துக்கு விட்டுக்கொடுத்த கதை. பிறகு ஜெபம். ஜெபத்தில் ஐயர் அம்மாவின் பெயரைச் சொல்லி, ‘உம்முடைய சித்தத்தை இந்த மகளுக்கு உணர்த்தியருளும்’ என்றார். அம்மா அழுதாள். மறு வாரம் பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, ‘கர்த்தர் எனக்குப் பூரண சமாதானத்தைத் தந்தார்’ என்று சாட்சி சொன்னாள். நான் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆதியாகமத்தின் அந்த அதிகாரத்தை ஒரு பிரதியாகப் பின்னாளில் வாசித்தபோதுதான் சில கணக்குகள் இடித்தன. ஆபிரகாம் மூத்தவர், குடும்பத் தலைவர், ஆள்பலம் உள்ளவர். லோத்து அவருடைய சகோதரன் மகன். பலம் உள்ளவன் விட்டுக்கொடுத்த கதையைப் பலமில்லாதவளுக்கு வாசித்தார்கள். மாமாக்களுக்கு அல்லவா அது வாசிக்கப்பட்டிருக்கவேண்டும்? தவிர, ஆபிரகாம் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை, முதலில் தெரிவுசெய்யும் முறையைத்தான் விட்டுக்கொடுத்தார். லோத்து போன பிறகு, கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் உனக்குத்தான் என்று கடவுள் அவருக்கு வாக்களிக்கிறார். அதிகாரத்தின் இந்தப் பின்பாதியை ஐயர் வாசிக்கவில்லை. ஓர் அதிகாரம் முன்னால் போனால், இதே மனிதர்தான் எகிப்தில் தன் உயிருக்குப் பயந்து, மனைவியைச் சகோதரி என்று சொல்லி, அவளைப் பார்வோனின் அரண்மனைக்குப் போகவிட்டவர். சாராள் அங்கே என்ன ‘உணர்ந்தாள்’ என்று பிரதியில் ஒரு சொல் இல்லை.

இந்த இடத்தில் என் தோழி ஒருத்தி, பெரியாரை வாசித்து வளர்ந்தவள், கேட்பாள்: ‘இதுக்கு எதுக்குடி கடவுள்? எனக்குப் பங்கு வேணும்னு உங்கம்மா நேரா சொல்லியிருக்கணும்.’ அவள் சொல்வது சரி. ஆனால் முழுவதும் சரியில்லை. ‘எனக்கு வேண்டும்’ என்ற வாக்கியம் பெண் வாயில் அபத்தமாக ஒலித்த வீடுகளில், ‘கர்த்தர் என்னைத் தடுக்கிறார்’ என்பது மறுப்புச் சொல்லக் கிடைத்த ஒரே வாக்கியமாக இருந்திருக்கிறது. என் பாட்டியின் தங்கை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நிச்சயம் பேசி, ஆலயத்தில் ஓலை வாசிக்கும் முன் ஒருநாள், ‘ஆண்டவர் எனக்குச் சமாதானம் தரவில்லை’ என்று சொல்லிவிட்டாள். யாராலும் எதுவும் பேசமுடியவில்லை. நர்ஸிங் படித்து, முப்பத்தைந்து வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, தன் பணத்தில் தனக்கு வீடு கட்டிக்கொண்டாள். அந்தச் சமாதானமின்மைக்குள் மாப்பிள்ளையின் முகம் எவ்வளவு, நர்ஸ் உடுப்பின் வெண்மை எவ்வளவு, கடவுள் எவ்வளவு என்று பிரித்துப்பார்க்கும் தராசு என்னிடம் இல்லை. பிரிக்கவேண்டிய அவசியமும் தெரியவில்லை. கவனிக்கவேண்டியது ஒன்று: அவள் தன் சமாதானமின்மையைச் சொன்னாள், அம்மா தன்னுடையதை மறைத்தாள். சாட்சி என்ற வடிவம் அம்மாவுடையதைத்தான் எழுந்து நின்று சொல்லச் சொன்னது. சின்னப்பாட்டி எந்தக் கூட்டத்திலும் சாட்சி சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

தெய்வம் சொல்வதைக் கேட்பது தமிழ்ப் பெண்களுக்கு மிஷனரிகள் வந்து கற்றுத்தந்ததல்ல. முல்லைப்பாட்டில் போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை. வயதான பெண்கள் நாழி நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு ஊர்ப்பக்கத்துக்குப் போய், தூவி வணங்கி, விரிச்சி கேட்கக் காத்து நிற்கிறார்கள். விரிச்சி என்பது நற்சொல். அந்தப் பக்கம் குளிரில் நடுங்கியபடி நிற்கும் ஓர் இடைக்குலப் பெண், தாயைத் தேடித் தவிக்கும் கன்றிடம், உன் தாய் இப்போது வந்துவிடும் என்று சொல்கிறாள். அவ்வளவுதான். அவளுக்குத் தான் தெய்வவாக்குச் சொல்கிறோம் என்று தெரியாது. கேட்டவர்கள் அதை எடுத்துவந்து தலைவியிடம், உன் தலைவன் வருவான், கலங்காதே என்கிறார்கள். மாணவிகளுக்கு இதை நடத்தும்போதெல்லாம் எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருவது: தலைவி சமாதானமாகிவிடவில்லை. நற்சொல் வந்த பிறகும் அவள் அழுகிறாள், அவளுடைய அழுகையைப் பாட்டு மறைக்கவில்லை. நம்பிக்கையில்லாதவள் என்று அவளை யாரும் கடிந்துகொள்ளவுமில்லை. தெய்வத்தின் சொல்லை ஏற்றுக்கொள்ளத் தனக்குரிய நேரத்தை அவள் எடுத்துக்கொள்கிறாள்.

அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு இன்னும் கூர்மையானது. மகள் மெலிகிறாள், தாய் வேலனை அழைக்கிறாள், வேலன் ஆடி இது முருகன் வேலை என்கிறான். தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், காரணம் முருகனல்ல, மலைநாட்டிலிருந்து வரும் ஒருவன். நற்றிணையில் ஒரு தோழி முருகனையே நேரில் நிறுத்தி, கடவுளானாலும் உனக்கு விவரம் போதாது என்ற பொருள்படப் பேசிவிடுகிறாள். அகநானூற்றில் வெறி பாடியே பெயர்பெற்ற காமக்கண்ணியார், வேலனின் ஆட்டம் முடிந்த பின் தலைவிக்கு வரும் சிரிப்பைப் பாடுகிறார். தெய்வத்தின் பெயரால் பேசும் அதிகாரம் வேலனிடம் இருக்கிறது. உண்மையில் என்ன நடக்கிறது என்ற அறிவு அவளிடம் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்துவைத்திருந்த மொழி இது. நம் ஜெபக்கூட்டங்கள் எப்போது இதை மறந்தன?

சாமுவேலின் முதலாம் புத்தகத்தைத் திறந்தால் சீலோவில் ஏலி உட்கார்ந்திருக்கிறார். ஆசாரியர், ஆலய வாசலில் அவருக்கென ஓர் ஆசனம். அன்னாள் பிள்ளைக்காக மனதுக்குள் ஜெபிக்கிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கண்டிக்கிறார். அவள் ‘மன்னியும் ஐயா’ என்று எழுந்து போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் குடிக்கவில்லை, என் துக்கத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று திருத்துகிறாள். அவர் திருந்துகிறார், ஆசீர்வதித்து அனுப்புகிறார். அவள் மகன் சாமுவேலைக் கடவுள் இரவில் கூப்பிடும்போதும் அதே ஏலிதான். இரண்டுமுறை ‘நான் கூப்பிடவில்லை, போய்ப் படு’ என்று அனுப்பிவிட்டு, மூன்றாம் முறைதான் அழைப்பது யார் என்று அவருக்குப் புரிகிறது. ஏலியை நான் வில்லனாக்கவில்லை. புரிந்தபின் சிறுவனுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கற்றுத்தந்தவரும் அவர்தான். ஆனாலும் கடவுளின் குரலை அடையாளம் காண்பதற்கென்றே நியமிக்கப்பட்ட மனிதர் முதல் பார்வையில் தாயிடமும் தவறினார், மகனிடமும் தவறினார் என்பதைப் பிரதி ஒளிக்கவில்லை. சாமுவேலின் அழைப்பைப் பற்றிச் சிறுவர் வாரம் தவறாமல் பிரசங்கம் கேட்டு வளர்ந்தேன். ஏலியின் தவறுதலைப் பற்றி ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை.

நான் அதிக நேரம் செலவிட விரும்புவது நியாயாதிபதிகள் பதின்மூன்றாம் அதிகாரத்தில். சிம்சோனின் பிறப்புக் கதை. சோரா ஊரில் மனோவா என்றொருவன், பிள்ளையில்லாத அவன் மனைவி. தூதன் வருவது அவளிடம். திராட்சரசம் குடிக்காதே, தீட்டானது எதையும் உண்ணாதே, பிள்ளை பிறக்கும், அவன் தலையில் சவரகன் கத்தி படக்கூடாது, பெலிஸ்தரிடமிருந்து இஸ்ரவேலை விடுவிக்க அவன் தொடங்குவான் என்கிறான். அவள் புருஷனிடம் வந்து சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்பது சுவாரஸ்யமானது. கத்தியை விட்டுவிடுகிறாள். பெலிஸ்தரை விட்டுவிடுகிறாள். பிள்ளை கருவிலிருந்தே கடவுளுக்கானவனாய் இருப்பான் என்ற வாக்கோடு, ‘மரணநாள் வரைக்கும்’ என்று தூதன் சொல்லாததைச் சேர்த்துக்கொள்கிறாள். தனக்குக் கிடைத்த சொல்லில் எதைப் பகிர்வது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கிறாள். மறதி என்பார்கள் உரைகாரர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யுத்தத்துக்கென்று நேர்ந்துவிடப்பட்ட மகனைச் சுமக்கப்போகிற தாய், ‘மரணம்’ என்ற சொல்லை மட்டும் தானாகக் கொண்டுவருவதை மறதி என்று என்னால் வாசிக்கமுடியவில்லை.

மனோவாவுக்கு இது போதவில்லை. அந்த மனிதன் இன்னொருமுறை வந்து ‘எங்களுக்கு’ போதிக்கவேண்டும் என்று ஜெபிக்கிறான். ஜெபம் கேட்கப்படுகிறது. தூதன் மறுபடியும் வருகிறான், மறுபடியும் அவளிடமே. அவள் வயலில் தனியாக இருக்கிறாள், புருஷன் கூட இல்லை. பிரதி இதை வேண்டுமென்றே குறிப்பிடுகிறது. அவள் ஓடிப்போய் அவனைக் கூட்டிவருகிறாள். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று மனோவா விசாரிக்கிறான். நான் ஏற்கெனவே அந்த ஸ்திரீயிடம் சொன்னதை அவள் காத்துக்கொள்ளட்டும் என்பதே பதில். புதிதாக ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் அவளுக்குச் சொன்னதில் பாதிதான் அவனுக்குச் சொல்லப்படுகிறது. குடும்பத் தலைவன் வழியாகத்தான் கடவுள் குடும்பத்தோடு பேசுவார் என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தின் பக்கம் வருவதேயில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பலி எரிகிறது, தூதன் அந்த ஜுவாலையிலேயே மேலேறிப் போகிறான். மனோவாவுக்கு நடுக்கம் பிடித்துவிடுகிறது: கடவுளைக் கண்டுவிட்டோம், செத்துப்போவோம். அவள் பதறவில்லை. நம்மைக் கொல்ல அவருக்கு நோக்கமிருந்தால் நம் பலியை ஏற்றுக்கொண்டிருக்கமாட்டார், இத்தனையையும் நமக்குக் காட்டியிருக்கவுமாட்டார் என்று எடுத்துச்சொல்கிறாள். கண்டதை வைத்துக் காணாததை ஊகிக்கிறாள். நம் தருக்க நூல்கள் அனுமானம் என்று சொல்வது இதைத்தான். கடவுள் என்ன நினைக்கிறார் என்பதை அவள் கண்ணீரிலோ நடுக்கத்திலோ ‘பூரண சமாதான’த்திலோ கண்டுபிடிக்கவில்லை. யோசித்துக் கண்டுபிடிக்கிறாள். பெண்களுக்கு உணர்வு, ஆண்களுக்கு உபதேசம் என்று நாம் பிரித்துவைத்திருக்கும் ஆலயத்தில் இந்தப் பெண்ணை எங்கே உட்காரவைப்பது?

யோசியா ராஜாவின் காலத்தில் ஆலயத்தில் ஒரு நியாயப்பிரமாணச் சுருள் அகப்பட்டபோது, இது கடவுளின் சொல்தானா என்று கேட்கப் பிரதான ஆசாரியனும் அரண்மனை அதிகாரிகளும் உல்தாள் என்ற பெண்ணிடம் போனார்கள். மோசேயின் காலத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் சபைக்கு நடுவே நின்று அப்பாவின் நிலத்தில் பங்கு கேட்டார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் கடவுளிடம் கேட்க, அவர்கள் பேசுவது சரி என்று பதில் வந்தது. (இரண்டிலும் ஒரு குறை உண்டு. ஐந்து மகள்களும் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்யவேண்டும் என்று எண்ணாகமத்தின் கடைசி அதிகாரம் கட்டுப்பாடு போட்டுவிடுகிறது. உல்தாளைப் பற்றியோ சில வசனங்களுக்குமேல் நமக்குக் கிடைப்பதில்லை.) எண்ணாகமத்தின் அந்த இருபத்தேழாம் அதிகாரத்தை 1991இல் எங்கள் வீட்டில் யாரும் வாசிக்கவில்லை. அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்தான், 1986இல், மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் கால்பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. அது செல்லாது, 1925ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்றது தீர்ப்பு. சமபங்கு தரும் அந்தச் சட்டம் எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அதைச் சுற்றிப்போக எங்களுக்கு ஆபிரகாம் தேவைப்பட்டார்.

சாட்சி என்ற வடிவத்தை வேறுவிதமாக எழுதிக்காட்டிய இரண்டு பெண்களைச் சொல்லவேண்டும். பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் வான்டேஜ் ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். அவரைக் கவனித்துக்கொண்ட கன்னியாஸ்திரி ஜெரால்டினுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து 1977இல் நூலாக வந்தது. கீழ்ப்படிதல் எதுவரைக்கும், மனசாட்சி யாருடையது, சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருதம் என்ன குறைந்துவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் நின்று வாதாடுகிறார். இவர் 1907இல் எழுதிய சாட்சி நூலில், ஞானஸ்நானம் பெற்றபோது தான் கிறிஸ்தவ மதத்தைத்தான் கண்டடைந்தேன், கிறிஸ்துவை அல்ல என்று, தன் பாதையைத் திரும்பிப் பார்த்துத் திருத்துகிறார். நான் கேட்ட சாட்சிகளில் ‘அப்போது தவறாகப் புரிந்துகொண்டேன்’ என்ற வாக்கியம் இருந்ததில்லை. பின்னாளில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமத்தை எளிய மராத்தியில் தானே மொழிபெயர்த்தார். கேட்கிற சொல் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவர் இலக்கணம் வரைக்கும் போனார்.

மற்றவர் பாமா. 1992இல் வந்த ‘கருக்கு’ தலித் தன்வரலாறாகக் கொண்டாடப்படுகிறது, அது நியாயம். அதை அழைத்தலைப் பற்றிய நூலாகவும் வாசிக்கவேண்டும் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உழைக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு மடத்துக்குள் போனவர், அங்கே வசதியானவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளிகளையும் சாதியையும் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டையும் காண்கிறார். மேலிடத்தின் சொல்லே கடவுளின் விருப்பம் என்றாகிவிட்ட இடத்தில், எந்த அழைப்பு அவரை உள்ளே கொண்டுவந்ததோ அதுவே வெளியே அனுப்புகிறது. உள்ளே போனது அழைப்பு, வெளியே வந்தது விசுவாசக் குறைவு என்றுதான் சபை மொழி பிரிக்கும். ‘கருக்கு’ பிரிக்கவில்லை. வெளியே வந்த பின் அந்த நூலில் சமாதானம் இல்லை, பிழைப்புக்கு என்ன செய்வது என்ற பயம் இருக்கிறது. அதனாலேயே நான் அதை நம்புகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ‘தேவ நடத்துதல்’ என்ற தலைப்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய இரவு, முப்பது வருடத்துக்கு மேல் கேட்காமல் வைத்திருந்ததை அம்மாவிடம் கேட்டேன். ‘அன்னைக்குக் கையெழுத்துப் போட்டியே, நெசமாவே சமாதானமா இருந்துச்சா ஒனக்கு?’

அம்மா வெற்றிலையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ‘எங்கட்டி. மூணு நாளு உறக்கம் வரல. நெஞ்சு அடைச்சிக்கிட்டே கெடந்துச்சு.’

‘அப்புறம் ஏன் சாட்சியில அப்படிச் சொன்ன?’

‘உறக்கம் வரலன்னு சாட்சி சொல்லமுடியுமா?’

மறுநாள் கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மனோவாவின் மனைவியைப் பற்றித்தான் பேசினேன், இங்கே எழுதியதைவிட எளிமையாக. முடிந்ததும் ஒரு பாட்டி என்னிடம் வந்தார். ‘அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?’

‘வேதத்துல பேரு போடல பாட்டி.’

‘புருஷன் பேரு இருக்கு, புள்ள பேரு இருக்கு. அந்த மனோவா தூதன் பேரக்கூடக் கேட்டானேம்மா, இவ பேர யாரும் கேக்கலியா?’

உண்மைதான். மனோவா தூதனிடம் பெயர் கேட்கிறான், எனக்கு அது நினைவில்லை. முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டி நின்றதும் கேட்டாள்:

‘ஆபிரகாம் கதைய ஏன் சொல்லல?’

நான் வெளியே பார்த்தேன்.

‘ஒன் அத்தை மூணாவது வரிசையில இருந்தான்னுதான?’

‘ஆமா’ என்றேன்.

‘அவளும்தான் கேக்கட்டுமே’ என்றாள் அம்மா.